ஆதித்த கரிகாலனை கொன்னது யாருன்னு கல்கி ஏன் சொல்லாம விட்டாரு?

பொன்னியின் செல்வன் அஞ்சு பாகமும் முடிச்சுட்டேன், ரெண்டாயிரம் பக்கத்துக்கு மேல படிக்க வெச்சுட்டு ராஜராஜனோட அண்ணன், பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனை கொன்ன கொலைகாரன் யாருன்னு தெளிவா சொல்லாம கல்கி கழட்டி விட்டுட்டாரே, இதை மர்ம நாவல்னு எப்படி ஒத்துக்கறது, நிஜ வரலாறு என்ன சொல்லுது, இதே மாதிரி வரலாறும் மர்மமும் சேர்ந்த வேற எதைப் படிக்கலாம்னு கேட்டிருக்கீங்க. இதுக்கு ஒருத்தர் நந்தினிங்கறார், இன்னொருத்தர் ரவிதாசன்னு சத்தியம் பண்றார், ஒருத்தர் உத்தம சோழன்தான், ராஜராஜனுக்கும் தெரியும், எல்லாத்தையும் மூடி மறைச்சுட்டாங்கன்னு ஒரே போடா போட்டிருக்கார். மூணு பேருமே நாவலையும் நிஜத்தையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்கங்கறதுதான் என் எண்ணம், அதனால முதல்ல ரெண்டையும் பிரிச்சு வெச்சுட்டு அப்புறம் உங்க கேள்விக்கு வரேன். இன்னும் நாவல் முடிக்காதவங்க இதோட நிறுத்திக்குங்க, கீழ எல்லா முடிச்சும் அவிழ்ந்துரும்.

என் பதிலை முன்னாடியே சொல்லிடறேன். கல்கி ஏமாத்தல. கல்வெட்டு எந்த இடத்துல வாயை மூடிக்குதோ கிட்டத்தட்ட அதே இடத்துல அவரும் விளக்கை அணைச்சுட்டாரு. ஆனா வேற ஒரு இடத்துல ஒரு பெரிய தில்லாலங்கடி வேலை பண்ணிருக்கார், அதை பாதி பேர் வெறும் கதைத் திருப்பம்னு நினைச்சு தாண்டிப் போயிடறாங்க. அதுக்கு அப்புறம் வரேன்.

நிஜத்துல நமக்கு கிடைச்ச ஒரே நேரடி சாட்சி உடையார்குடி கல்வெட்டு. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில்ல இருக்கற அனந்தீஸ்வரர் கோயில் சுவர்ல இருக்கு. அந்த ஊருக்கு அப்போ பேரு வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம், பக்கத்துல இருக்கற வீராணம் ஏரிதான் வீரநாராயண ஏரி. ஞாபகம் வருதா, ஆடிப்பெருக்கு அன்னிக்கு கதாநாயகன் வந்தியத்தேவன் குதிரை மேல வந்து வாயைப் பிளந்து பாக்கற அதே ஏரி. கதையோட முதல் காட்சி நடக்கற ஏரிக்கரைக்கும் கொலைகாரங்க பேர் பொறிச்சிருக்கற சுவருக்கும் நடுவுல பெரிய தூரம் கிடையாது, இது தற்செயலா அமைஞ்சதுன்னு என்னால நம்ப முடியல.

இந்த கல்வெட்டை பத்தி பேசற பலபேர் அது ஏதோ போலீஸ் எஃப்ஐஆர் மாதிரி, இன்னார் இன்னாரை கொன்னான், இன்ன தண்டனை கொடுத்தோம்னு எழுதி வெச்ச தீர்ப்பு மாதிரி பேசறாங்க. முழுசா படிச்சா அது ஒரு சொத்து பத்திரம். ராஜராஜனோட ரெண்டாம் ஆட்சியாண்டு, அதாவது கிபி 987 வாக்குல, அந்த ஊர் மகாசபைக்கு ராஜா கிட்ட இருந்து ஒரு ஓலை வருது. பாண்டியனைத் தலைகொண்ட கரிகாலச் சோழனை கொன்ன துரோகிகளோட சொத்தையும் அவங்களை சேர்ந்தவங்க சொத்தையும் எடுத்து வித்துடுங்கன்னு ஆணை. சேர்ந்தவங்கன்னா யார் யாருன்னு பட்டியல் போகுது பாருங்க, அங்கதான் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பிள்ளைங்க, பொண்டாட்டிங்க, தாய்மாமனுங்க, கூடப்பிறந்த பொண்ணுங்களை கட்டினவங்க, பொண்ணு குடுத்த மாமனாருங்கன்னு ஒரு குடும்பத்தோட கிளை எல்லாத்தையும் ஒவ்வொண்ணா வெட்டிக்கிட்டு போறாங்க, ஒருத்தனோட அம்மா வரைக்கும் பேரோட வருது. அப்படி பறிமுதல் ஆன நிலத்துல ஒரு பகுதியை ஒரு பல்லவரையன் விலைக்கு வாங்கி கோயில்ல பிராமணர்களுக்கு சாப்பாடு போடறதுக்குன்னு எழுதி வெக்கறான். அந்த தர்மம் நிலைச்சு நிக்கணும்னுதான் சுவர்ல வெட்டி வெச்சிருக்காங்க. கொலை விஷயம் போற போக்குல, இந்த நிலம் எப்படி விலைக்கு வந்துச்சுன்னு மூலப்பத்திரம் காட்டற மாதிரி வருது. அந்த பல்லவரையனுக்கு அன்னதானம் பண்ணணும்னு ஆசை வராம போயிருந்தா இன்னிக்கு நமக்கு ஒரு கொலைகாரன் பேர் கூட தெரிஞ்சிருக்காது.

இப்போ பேர்களுக்கு வருவோம். சோமன்னு ஒரு பேர், அதை ஒட்டி எழுத்து சிதைஞ்சிருக்கு. அடுத்து ரவிதாசனான பஞ்சவன் பிரம்மாதிராஜன். அடுத்து பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன். அண்ணன் தம்பிங்க. பிரம்மாதிராஜன்ங்கறது ராஜாங்கத்துல பெரிய பதவில இருந்த பிராமண அதிகாரிகளுக்கு குடுக்கற பட்டம், தெருவுல போறவனுக்கு கிடைக்காது. இதுல பஞ்சவன்னா பாண்டியனைக் குறிக்கறது, அதனால ரவிதாசன் பாண்டிய நாட்டு தொடர்பு உள்ளவன், வீரபாண்டியன் தலையை வெட்டினதுக்கு பழி வாங்கினான்னு ஒரு வாதம். நல்ல வாதம்தான். ஆனா கூடப்பிறந்தவன் பேரைப் பாருங்க, இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன், சுத்தமான சோழப் பட்டம். ஒரே வீட்டுல ஒருத்தனுக்கு பாண்டிய வாசனை உள்ள பட்டம், இன்னொருத்தனுக்கு சோழப் பட்டம். பாண்டிய நாட்டை ஜெயிச்ச பிறகு சோழ ராஜாவே தன் அதிகாரிக்கு பஞ்சவன்னு பட்டம் குடுத்திருக்கவும் வாய்ப்பு இருக்கு. அப்படின்னா காட்டுக்குள்ள மறைஞ்சு வாழ்ந்த சதிகாரக் கூட்டம் எதுவும் இல்ல, சோழ நாட்டு சம்பளம் வாங்கிக்கிட்டு அரண்மனைக்குள்ள தாராளமா நடமாடினவங்க வேலை இது. துப்பறியும் கதை நாலு படிச்சவங்களுக்கு இந்த ஒரு வரி போதும், மூக்குல வேர்த்துரும்.

சரி, கரிகாலனுக்கு சித்தப்பா முறையான உத்தம சோழன் மேல ஏன் சந்தேகம்? இதை கிளப்பினது வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, 1935ல வந்த சோழர் வரலாறு புத்தகத்துல. கணக்கு சிம்பிள். கரிகாலன் செத்தது 970ஐ ஒட்டி. அதுக்கப்புறம் 985 வரைக்கும் உத்தம சோழன் ஆட்சி. அந்த காலத்துல துரோகிங்க மேல நடவடிக்கை எடுத்ததுக்கு சுவடே காணோம், ராஜராஜன் வந்து ரெண்டே வருஷத்துல சொத்து பறிமுதல். பட்டத்து இளவரசன் கொலையான கேஸ் அவ்வளவு வருஷம் ஏன் தூங்கிச்சு, மேல இருந்தவனுக்கு அதுல விருப்பம் இல்லாததாலயாங்கறதுதான் சாஸ்திரியோட சந்தேகம். இதுக்கு தோதா இன்னொரு விஷயமும் இருக்கு. சோழ ராஜாக்கள் ராஜகேசரி, பரகேசரின்னு ஒருத்தர் விட்டு ஒருத்தர் பட்டம் போட்டுக்குவாங்க. சுந்தர சோழன் ராஜகேசரி, அடுத்தவன் கரிகாலன் பரகேசரி. அவன் போனதும் அதே பரகேசரி பட்டத்தோட உக்காந்தவன் உத்தமன். காலியான நாற்காலி யாருக்கு போச்சுன்னு பாக்கறதுதானே எந்த விசாரணையிலயும் முதல் வேலை.

ஆனா எதிர் பக்கமும் லேசுப்பட்டது இல்ல. இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் தன்னோட பிற்காலச் சோழர் சரித்திரத்துல சாஸ்திரி சொன்னதை ஏத்துக்கல. யோசிச்சுப் பாருங்க, அண்ணனை கொன்னவன்னு தெரிஞ்சா அவன் பேரை யாராவது பிள்ளைக்கு வெப்பாங்களா? ராஜராஜனோட மகன் ராஜேந்திரனோட இயற்பேர் மதுராந்தகன், அது உத்தம சோழனோட பேரு. உத்தமனோட மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் ராஜராஜன் ஆட்சியில கோயில் நிர்வாகத்தை விசாரிக்கற கௌரவமான பொறுப்புல இருந்திருக்கான். உத்தமனோட அம்மா செம்பியன் மாதேவிக்கு கடைசி வரைக்கும் ராஜ மரியாதை. மாமன் மச்சான் சொத்தை எல்லாம் விடாம பிடுங்கின அதே ராஜராஜன், சூத்திரதாரியோட குடும்பத்தை மட்டும் மடியில வெச்சு கொஞ்சுவானாங்கறது நியாயமான கேள்வி. அதோட அந்த ஓலை ரெண்டாம் வருஷம் வந்துச்சுங்கறதால தண்டனையே அப்பதான் ஆரம்பிச்சுதுன்னு சொல்ல முடியாது. அது நிலத்தை விக்கற ஓலை. துரோகிகளை எப்ப பிடிச்சாங்க, தலையை எடுத்தாங்களா நாட்டை விட்டு துரத்தினாங்களான்னு அதுல ஒரு வார்த்தை கிடையாது.

ராஜேந்திரன் காலத்து திருவாலங்காட்டு செப்பேடு இன்னும் விவகாரம். அரண்மனைக் கவிஞர் வம்ச வரலாறு பாடறார், கரிகாலன் பாண்டியன் தலையை ஜெயஸ்தம்பம் மாதிரி தன் ஊர்ல நிறுத்தினான்னு பாடறார், அடுத்த மூச்சுல அவன் சொர்க்கத்தை பாக்கற ஆசையில போயிட்டான்னு முடிச்சுட்டார். கொலைங்கற பேச்சே இல்ல. அதுக்கப்புறம் குடிமக்கள் அருள்மொழியை, அதாவது பின்னால ராஜராஜன் ஆனவனை, நீங்களே ராஜாவா இருங்கன்னு கெஞ்சினாங்க, ஆனா சித்தப்பாவுக்கு ராஜ்யத்து மேல ஆசை இருக்கற வரைக்கும் தான் அதை மனசால கூட நினைக்க மாட்டேன்னு அவன் ஒதுங்கிட்டான்னு வருது. படிக்கறவன் மனசைப் பொறுத்து அது தியாகமாவும் தெரியும், பதவிச் சண்டையை பூசி மெழுகின மாதிரியும் தெரியும். நமக்கு இருக்கற ஆதாரம் மொத்தமே சுமாரா இவ்வளவுதான். ஒரு சொத்து பத்திரம், ஒரு மழுப்பல் பாட்டு, கொஞ்சம் பட்டப்பேரு. இதை வெச்சு இவன்தான்னு அடிச்சு சொல்றவங்களை கொஞ்சம் தள்ளியே நிறுத்துங்க.

இப்போ 1950க்கு வாங்க. கல்கி பத்திரிகைல தொடர் ஆரம்பிக்குது. சாஸ்திரி குண்டு போட்டு 15 வருஷம் ஆச்சு, பண்டாரத்தாரோட முதல் பாகம் 1949ல வந்து இன்னும் சூடு ஆறல. வாரா வாரம் வாசகன் கையில போகற கதைல ராஜ குடும்பத்துக் கொலையை தொடணும், அதுவும் செம்பியன் மாதேவி பெத்த பிள்ளை மேல சந்தேகம் இருக்கற கொலை. கல்கி என்ன பண்ணார்னு வரிசையா பாருங்க.

முதல்ல பேரை எல்லாம் கல்வெட்டுல இருந்து அப்படியே எடுத்துக்கிட்டார். ரவிதாசன், சோமன் சாம்பவன், தேவராளனா ஆட்டம் போடற பரமேஸ்வரன். ஆனா அவங்க பதவியை உருவிட்டார். கல்வெட்டுல பிரம்மாதிராஜனா இருந்தவன் நாவல்ல ஆந்தை மாதிரி கத்தற மந்திரவாதி. சோழ அதிகாரிங்க பாண்டியனோட ஆபத்துதவிகளா, அதாவது ராஜாவுக்காக உயிரையே குடுக்க சபதம் எடுத்த மெய்க்காவலர்களா மாறிட்டாங்க. இதுல எனக்கு கல்கி மேல கோவமே உண்டு, ஏன்னா இருந்ததுலயே பெரிய துப்பு அதுதான், அரண்மனைக்குள்ள உக்காந்து ஓலை எழுதின அதிகாரி கூட்டம் இளவரசனை போட்டுத் தள்ளினதுங்கறது எவ்வளவு பெரிய நாவல், அதைக் கொண்டு போய் சுடுகாட்டுல உடுக்கை அடிக்க வெச்சுட்டார். பழி வெளியூர்க்காரன் மேல போனதும் சோழ வீடு சுத்தமாயிடுச்சு. வாசகனுக்கு சௌகரியம்தான், சரித்திரத்துக்கு கொஞ்சம் அநியாயம்.

அடுத்து இடம். கொலை எங்க நடந்துச்சுன்னு கல்வெட்டு சொல்லல. கல்கி அதை கடம்பூர் சம்புவரையர் மாளிகையில வெச்சார், கடம்பூரும் அந்த காட்டுமன்னார்கோயில் வட்டாரம்தான். பத்திரம் கிடைச்ச ஊரைச் சுத்தியே சம்பவத்தையும் நிறுத்திட்டார்.

அப்புறம் அந்த ராத்திரி. நாலாம் பாகத்தை மறுபடி எடுத்து அந்த அத்தியாயங்களை மட்டும் மெதுவா படிங்க. ரூம்ல நந்தினி, அதான் பெரிய பழுவேட்டரையரோட இளம் மனைவி, இருக்கா, கையில வீரபாண்டியனோட மீன் சின்னம் போட்ட வாள். கரிகாலன் கிட்டத்தட்ட சாகறதுக்குன்னே வந்தவன் மாதிரி பேசறான். யாழ்க் களஞ்சியத்துக்குள்ள வந்தியத்தேவன் ஒளிஞ்சிருக்கான். சதிகாரங்க சுரங்கப்பாதையில காத்துட்டு இருக்காங்க. காளாமுகர் வேஷத்துல பெரிய பழுவேட்டரையர் வேற. சந்தேகப்பட வேண்டிய எல்லாரையும் ஒரே ரூமுக்குள்ள கொண்டு வந்து அடைச்சுட்டு, சரியா அந்த நேரம் பாத்து விளக்கு அணைஞ்சுருது. நாம யார் கண்ணு வழியா கதையை பாத்துட்டு வந்தோமோ அந்த வந்தியத்தேவன் கழுத்தை பின்னால இருந்து ஒருத்தர் நெரிக்கறார், அவனுக்கு நினைவு போயிடுது. சாட்சியோட கண்ணையும் சேத்து கட்டிட்டார். முழிச்சு பாத்தா கரிகாலன் பொணம், மாளிகை பத்திக்கிட்டு எரியுது, அவன் அந்த உடம்பை தூக்கிக்கிட்டு வெளிய வரான், பழி அவன் தலையிலயே விழுது. அஞ்சாம் பாகத்துல பெரிய பழுவேட்டரையர் தன் கையாலதான் நடந்துச்சுன்னு பழியை ஏத்துக்கறார், ஆனா அவர் சொல்றது முழு உண்மையா, ஒரு அப்பாவியை காப்பாத்தவும் தான் பண்ணின பாவத்துக்கு பிராயச்சித்தமாவும் சொல்றதான்னு சந்தேகம் தீராத மாதிரிதான் எழுதிருக்கார். நீங்க ஏமாத்து வேலைன்னு சொல்றது இதைத்தான். எனக்கு இதுதான் நாவலோட உச்சம், ஏன்னா இங்க ஒரு பேரை அழுத்திச் சொல்லிட்டா அவர் நாவலாசிரியர் வேலையை விட்டுட்டு ஆதாரம் இல்லாத சரித்திரம் எழுத ஆரம்பிச்சவரா ஆயிடுவார்.

தில்லாலங்கடி வேலைன்னு சொன்னேனே, அது மதுராந்தகன். நாவல் முழுக்க ஒரு மதுராந்தகன் வரான், அரியணை ஆசை பிடிச்சவன், மூடுபல்லக்குல ஒளிஞ்சு போறவன், பழுவேட்டரையர் கையில பொம்மை. சாஸ்திரி குற்றவாளிக் கூண்டுல ஏத்தின உத்தம சோழனுக்கு அச்சு அசலா பொருந்தற ஆளு. கடைசில என்னாகுது? இவன் செம்பியன் மாதேவியோட பிள்ளையே இல்ல, நிஜப் பிள்ளை பூ கட்டி சாமிக்கு போட்டுட்டு தேவாரம் பாடிக்கிட்டு இருந்த சேந்தன் அமுதன், அவன்தான் உத்தம சோழனா முடிசூட்டிக்கறான். அதாவது சந்தேகத்தை எல்லாம் ஒரு போலி ஆளு மேல ஏத்தி, அவனை கதையை விட்டே வெளியேத்திட்டு, சிம்மாசனத்துல ஒரு கறை கூட ஒட்டாத பக்தனை உக்கார வெச்சுட்டார். செப்பேடு சொல்ற தியாகமும் காப்பாத்தியாச்சு, கல்வெட்டு சொல்ற கொலையும் நடந்தாச்சு, சாஸ்திரியோட சந்தேகத்துக்கும் ஒரு உருவம் குடுத்தாச்சு, பண்டாரத்தார் பக்க நியாயமும் நின்னுருச்சு. நாலு பேரையும் ஒரே திருப்பத்துல சமாளிச்சிருக்கார் மனுஷன்! குழந்தை மாறாட்டம் பழைய நாடக உத்திதான், அதுல சந்தேகம் இல்ல, ஆனா அதை ஒரு வரலாற்று வழக்குல வக்கீல் வேலைக்கு பயன்படுத்தினது புதுசு. உத்தம சோழனுக்கு தமிழ்ல கிடைச்ச மிகப் பெரிய டிஃபென்ஸ் லாயர் கல்கிதான்.

மத்தபடி மர்ம நாவலா அதோட கட்டுமானம் அபாரம். அந்த மூடுபல்லக்கையே எடுத்துக்குங்க. முதல்ல அதுல இளையராணி போறா, எல்லாரும் பாக்கறாங்க, பழுவேட்டரையர் கிழவருக்கு பொண்டாட்டி மேல மோகம்னு சிரிக்கறாங்க. அந்த கேலியே மறைப்பு. பொண்ணு இருக்கற பல்லக்கை எவனும் திறந்து பாக்க மாட்டான், அதே பல்லக்குல இருந்து கடம்பூர் ராத்திரி கூட்டத்துல மதுராந்தகன் இறங்கறான். துப்பை கண்ணு முன்னாடியே வெச்சு நம்மளை வேற காரணத்துக்காக சிரிக்க வெக்கறது சாமானிய வித்தை இல்ல. ஒரே முகச்சாயலை வெச்சு விளையாடறதும் அவருக்கு கை வந்த கலை, நந்தினிக்கும் ஊமை ராணிக்கும் உள்ள சாயல், சிவகாமியின் சபதத்துல நாகநந்திக்கும் புலிகேசிக்கும் உள்ள சாயல், பார்த்திபன் கனவுல அந்த சிவனடியார் வேஷம். மூணையும் வரிசையா படிச்சா இந்த வித்தை கொஞ்சம் சலிக்கும், அதையும் சொல்லணும். அஞ்சாம் பாகத்துல எல்லாரும் எல்லாரையும் மன்னிச்சுக்கிட்டே போறதும் எனக்கு இழுவைதான். வாரத்தொடர் இல்லையா, விடை குடுத்து அனுப்ப நிறைய பேர் இருந்தாங்க.

யார் நிஜம் யார் கற்பனைன்னு ஒரு வார்த்தை, ஏன்னா நந்தினிதான் கொன்னான்னு ஒருத்தர் வரலாறு மாதிரியே சொல்றார். நந்தினி முழுக்க கல்கி படைச்சது. ஆழ்வார்க்கடியானும் பூங்குழலியும் அப்படித்தான். வந்தியத்தேவன் நிஜ ஆளு, ஆனா அவரைப் பத்தி நமக்கு முக்கியமா தெரியறது தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல குந்தவையை வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்னு சொல்றதுதான், அந்த ஒரு வரியில இருந்து இவ்வளவு பெரிய கதாநாயகனை வளத்தெடுத்தது கல்கியோட சாமர்த்தியம். பழுவேட்டரையர்ங்கறது நிஜ வம்சம், அரியலூர் பக்கம் கீழப்பழுவூர் மேலப்பழுவூர் கோயில்கள்ல அவங்க கல்வெட்டு நிறைய இருக்கு. சுந்தர சோழனோட மந்திரி அநிருத்தர் அன்பில் செப்பேட்டுல வரவர்.

அடுத்து என்ன படிக்கலாம்ங்கறது. கதை தொடரணும்னு இருந்தா விக்கிரமனோட நந்திபுரத்து நாயகி, அது இதோட தொடர்ச்சி மாதிரியே போகும், ஆனா கல்கி நடையை எதிர்பார்க்காதீங்க. ராஜேந்திரன் வேணும்னா அகிலனோட வேங்கையின் மைந்தன். ராஜராஜனையும் பெரிய கோயில் கட்டினதையும் பாக்கணும்னா பாலகுமாரனோட உடையார் ஆறு பாகம், பொறுமை வேணும். சாண்டில்யனோட கடல் புறா, யவன ராணி ரெண்டும் சாகசம், மர்மம்னு தேடிப் போனா ஏமாந்துருவீங்க, கப்பலுக்கும் சண்டைக்கும் போங்க, வர்ணனை வர இடத்துல பக்கத்தை தள்ளிக்கலாம்.

மர்மமும் வரலாறும் நிஜமாவே சேரணும்னா சுஜாதாவோட காந்தளூர் வசந்தகுமாரன் கதைல இருந்து ஆரம்பிங்க. தன்னோட துப்பறியும் வக்கீல்கள் கணேஷ் வசந்த் ஜோடியை அப்படியே ராஜராஜன் காலத்துக்கு அனுப்பி கணேச பட்டர், வசந்தகுமாரன்னு உலாவ விட்டிருப்பார், சின்ன புத்தகம், ரெண்டு நாள்ல முடிஞ்சுரும், சரித்திர நாவல்னாலே தூய தமிழ்ல முழங்கணும்ங்கற பழக்கத்தை நல்லா கிண்டல் பண்ணிருப்பார். ரத்தம் ஒரே நிறம் இன்னொண்ணு, 1857 கலகத்து பின்னணில ஒரு பழிவாங்கல் கதை. அது முதல்ல கறுப்பு சிவப்பு வெளுப்புன்னு குமுதத்துல தொடரா வந்து எதிர்ப்பு கிளம்பினதால நின்னு போய், அப்புறம் பேர் மாத்தி எழுதினது. சுஜாதாவோட சிறந்ததுன்னு சொல்ல மாட்டேன், வேகம் மட்டும் குறையாது.

வெளிய போகணும்னா மூணு சொல்றேன். ஓரான் பாமுக்கோட என் பெயர் சிவப்பு, ஜி.குப்புசாமி மொழிபெயர்ப்பு காலச்சுவடுல கிடைக்குது, 1591 இஸ்தான்புல்ல சுல்தானோட ஓவியர்களுக்குள்ள நடக்கற கொலை, கிணத்துக்குள்ள கிடக்கற பொணமே முதல் அத்தியாயத்துல பேச ஆரம்பிக்கும். அதுல கொலைகாரனை படம் வரையற பாணியை வெச்சு தேடறாங்க, இதுக்கு மேல சொன்னா கெட்டுரும். உம்பர்ட்டோ எக்கோவோட ரோஜாவின் பெயர், 1327ல இத்தாலி மடம் ஒண்ணுல துறவிங்க ஒவ்வொருத்தரா சாகறாங்க, முதல் 100 பக்கம் சமய விவாதம் உயிரை எடுக்கும், தாண்டிட்டா அப்புறம் கீழ வெக்க மாட்டீங்க.

ஆனா உங்க கேள்விக்கு ரொம்ப கிட்டக்க வரது மூணாவது, ஜோசபின் டே எழுதின காலத்தின் மகள் (The Daughter of Time), ஆங்கிலத்துல படிக்கணும். வந்தது 1951, இங்க பொன்னியின் செல்வன் தொடரா ஓடிட்டு இருந்த அதே சமயம். கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில படுத்திருக்கற ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டர் கிராண்ட், பொழுது போகாம மூணாம் ரிச்சர்டு ராஜாவோட படத்தை பாக்கறார், இந்த மூஞ்சியா ரெண்டு சின்னப் பசங்களை கொன்னுச்சுன்னு சந்தேகம் வருது. 1483ல லண்டன் டவர்ல காணாம போன அந்த இளவரசர்கள் கேஸை கட்டில்ல படுத்தபடியே, வெறும் பழைய ஆவணங்களை வெச்சு தோண்டறார். ரிச்சர்டை திட்டி எழுதின தாமஸ் மோர் சம்பவம் நடந்தப்ப சின்னக் குழந்தை, அப்ப அவருக்கு யார் சொன்னாங்கன்னு கேக்கறார் பாருங்க, அந்த இடத்துல எழுந்து உக்காருவீங்க. டே கடைசில ரிச்சர்டு நிரபராதின்னு தீர்ப்பே எழுதிடறார், அவர் சுட்டற ஆளை இன்னிக்கும் எல்லா சரித்திரக்காரரும் ஒத்துக்கறது இல்ல. கல்கி இருட்டுல நிறுத்தின இடத்துல டே லைட்டை போட்டுட்டார். ரெண்டும் ராஜ குடும்பத்துக் கொலை, ரெண்டுலயும் சந்தேகம் விழறது அடுத்து அரியணை ஏறினவன் மேல, ரெண்டு பேரும் அவனுக்காக வாதாட வந்தவங்க. டேவை முடிச்ச கையோட பண்டாரத்தாரோட பிற்காலச் சோழர் சரித்திரம் முதல் பாகத்துல சுந்தர சோழன், உத்தம சோழன் வர பகுதியை மட்டும் எடுத்து படிங்க, கல்வெட்டோட முழு வாசகம் வேணும்னா எபிகிராபியா இண்டிகாங்கற கல்வெட்டுப் பதிப்பு வரிசையோட 21ஆம் தொகுதில இருக்கு. படிச்சுட்டு உத்தமனை விடுதலை பண்றீங்களா இல்லையான்னு சொல்லுங்க, எனக்கு அவன் மேல இன்னும் கால்வாசி சந்தேகம் பாக்கி இருக்கு.